எழுவினாவில் தொடங்குங்கள்: டெல்டாவிலிருந்து முன்சீப் பதவிக்கு

அமெரிக்காவில் கூட்டாட்சி விசாரணை நீதிபதியை அதிபர் முன்மொழிவார், செனட் உறுதி செய்யும். தேர்வு கிடையாது, ஆயுளுக்கும் பதவி. நம் ஊரில் முன்சீப் எனப்படும் இளநிலை உரிமையியல் நீதிபதியின் நாற்காலிக்கு வழி வேறு. அரசியலமைப்பின் 234வது பிரிவின்படி தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து ஆளுநர் நியமிப்பார். அதற்குத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். அந்தத் தேர்வுக்கும், அதன் பின் வரும் முதல் சில ஆண்டுகளுக்கும் டெல்டா மாவட்டங்களில் தொழில் செய்யும் இளம் வழக்கறிஞர் எப்படித் தயாராவது என்பதே இங்கே விஷயம்.

முதலில் ஒரு கருத்து. தீர்ப்பு எழுதுவதைத்தான் கடினமான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடினமானது எழுவினா வனைவது, அதாவது இரு தரப்பும் முரண்படும் எந்தக் கேள்விகளை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்று வகுப்பது. எழுவினா சரியாக அமைந்தால் சாட்சியத்தில் எது வேண்டும், எது வேண்டாம், நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் என்பது தானாகத் தெரிந்துவிடும். எழுவினா கோணலானால் முப்பது பக்கத் தீர்ப்பும் மேல்முறையீட்டில் நிற்காது. ஆகவே சீனியர் அலுவலகத்தில் சேர்ந்த நாள் முதல் கையில் கிடைக்கும் வழக்குக் கட்டுகளில் வாதியின் வழக்குரையையும் எதிர்வாதியின் எதிருரையையும் மட்டும் படித்துவிட்டு, நீதிமன்றம் வனைந்த எழுவினாவைப் பார்க்காமல் நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு ஒப்பிடுங்கள். வாரத்துக்கு மூன்று கட்டு போதும்.

மூன்று ஆண்டுத் தொழில்

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில், உரிமையியல் நீதிபதி பணிக்கு வருபவர் குறைந்தது 3 ஆண்டுகள் வழக்கறிஞர் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2002இல் இதே சங்கத்தின் வழக்கில் நீக்கப்பட்ட நிபந்தனைதான் இது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து ஆண்டுகள் கணக்காகும். 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர, அந்த மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் அதில் மேலொப்பமிட வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் சேரும். வயது வரம்பு, இட ஒதுக்கீடு போன்றவற்றைப் பழைய குறிப்புகளை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பாருங்கள்.

சான்று வாங்கும் நேரத்தில் தடுமாறுவது ஆதாரம் இல்லாததால்தான். உங்கள் பெயர் இருக்கும் வக்காலத்து நகல், நீங்கள் குறுக்கு விசாரணை செய்ததைக் காட்டும் வாக்குமூல நகல், உங்கள் ஆஜர் பதிவான உத்தரவு இவற்றை மாதத்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு கோப்பில் சேர்த்துவாருங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் தேடக் கிளம்பினால் கட்டு ஆவண அறைக்குப் போயிருக்கும்.

சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெரிய பெயரா என்பதைவிட, கட்டை உங்களிடம் கொடுப்பாரா என்று பாருங்கள். உரிமையியல் மட்டுமே பார்க்கும் அலுவலகமானால் வாரத்தில் ஒரு நாள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். வாய்தா வாங்கியே மூன்று ஆண்டு போய்விட்டால் சான்றிதழ் கிடைக்கும், தொழில் கிடைக்காது.

டெல்டாக் கட்டுகளைப் படிப்பது

நிலத் தகராறு படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் இங்கே ஆவணங்களுக்கென்று ஒரு மொழி உண்டு.

அளவை முதலில் பிடியுங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் வேலி, மா, குழி இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். 12 அடிக் கோலால் அளந்தால் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். எடுத்துக்காட்டாக 2 மா 40 குழி என்றால் 240 குழி, 34,560 சதுர அடி, 79.3 சென்ட், 32.1 ஏர். பட்டாவில் 29.5 ஏர்தான் இருக்கிறது என்றால் சுமார் 6.4 சென்ட் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். வாய்க்கால் புறம்போக்கில் போயிருக்கலாம், உட்பிரிவு செய்தபோது பக்கத்துக்காரர் எண்ணில் ஏறியிருக்கலாம், கோலே வேறாக இருந்திருக்கலாம். ஊருக்கு ஊர் கோல் மாறும் என்பதால், பத்திரத்தில் கோல் அளவு எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் பெருக்கக் கூடாது. பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக நான்கெல்லையே மேலோங்கும்.

அந்த நான்கெல்லையில்தான் புதியவர்கள் விழுகிறார்கள். ‘ராமசாமி நிலத்துக்குக் கிழக்கு, பாசன வாய்க்காலுக்கு மேற்கு’ என்று பத்திரம் சொன்னால், ராமசாமி நிலம் சொத்தின் மேற்கு எல்லை. வாய்க்கால் கிழக்கு எல்லை. இதை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது கிழக்கில் ராமசாமி நிலம் என்று எழுதினால் நான்கு திசையும் தலைகீழாகிவிடும். மொழிபெயர்ப்புத் தாளில் மட்டும் நடக்கும் பிழை அல்ல இது. வழக்குரையிலும், நிலத்தை நேரில் பார்த்துவர நீதிமன்றம் அனுப்பும் ஆணையரின் வரைபடத்திலும் இப்படித் தலைகீழாகி, ஆணையரை இரண்டாம் முறை அனுப்ப வேண்டிவந்த கட்டுகள் எந்த நீதிமன்றத்திலும் கிடைக்கும்.

பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புலப்படம் ஒவ்வொன்றும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பட்டா உரிமை மூலம் ஆகாது. நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று காட்ட அடங்கல் உதவும், ஆனால் வழக்குக்கு முந்தைய மாதம் வாங்கிய ஒற்றை அடங்கலுக்குப் பெரிய மதிப்பு இல்லை. தொடர்ந்து பல பசலிகளுக்கு (வருவாய்க் கணக்கு ஆண்டுகளுக்கு) இருந்தால்தான் கனம். முப்பது ஆண்டு தாண்டிய பத்திரம் உரிய இடத்திலிருந்து வந்தால் அது உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 92வது பிரிவு கைகொடுக்கும். உயிலுக்கு அந்த வசதி கிடையாது. சான்றொப்பமிட்டவர் ஒருவர் உயிரோடு, அழைக்கக்கூடிய நிலையில் இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது குத்தகை. டெல்டாவில் நஞ்சை வழக்கு வந்தால் எதிர்வாதி ‘நான் சாகுபடி குத்தகைதாரர்’ என்று சொல்வது சகஜம். இங்கே இரண்டு சட்டங்கள் மனப்பாடமாக வேண்டும். 1955ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஏ பிரிவின்படி, சுவாதீனம் (நிலத்தைக் கைவசம் வைத்திருப்பது) கேட்டோ உறுத்துக்கட்டளை (தடையாணை) கேட்டோ வந்த வழக்கில் எதிர்வாதி அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பெறத்தக்க குத்தகைதாரர் என்று பிரமாண வாக்குமூலத்தாலோ வேறு வகையிலோ நிரூபணமானால், நீதிமன்றம் விசாரணையைத் தொடராமல் வருவாய் கோட்ட அலுவலருக்கு வழக்கை மாற்ற வேண்டும். 1969ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின் 16-ஏ பிரிவு, பதிவு அலுவலர் தீர்மானிக்க வேண்டிய விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகார வரம்பைத் தடுக்கிறது. ஆனால் வாயால் சொன்னதே போதும் என்று வழக்கைக் கைகழுவுவதும் பிழை. குத்தகைச் சீட்டு, நெல் அளந்த ரசீது, பதிவேட்டுப் பகுதி ஏதாவது இருக்கிறதா, எதிர்வாதியோ அவர் குடும்பத்தாரோ உடலுழைப்பு செலுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்து ஏர் பிடிக்காமல் பணம் மட்டும் கட்டுபவர் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரமாட்டார்.

கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தில் உரிமையியல் வழக்குக்குத் தடை போடும் 108வது பிரிவைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். அறக்கட்டளை இனாமா, அறநிலையத்துறை அனுமதி பெற்ற விற்பனையா என்று 34வது பிரிவையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு மாதிரி எழுவினா

வாதி 1994இல் நஞ்சை 2 மா 40 குழி கிரயம் வாங்கியதாகச் சொல்கிறார், பட்டாவும் இருக்கிறது. எதிர்வாதி, விற்றவரின் காலத்திலிருந்தே தான் குத்தகைக்குச் சாகுபடி செய்வதாகவும், விற்றவருக்கு முழுப் பாகமும் உரிமை இல்லை, தன் தாயாருக்கும் பாகம் உண்டு என்றும் சொல்கிறார். வாதி கேட்டிருப்பது நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும்.

இதற்குச் சோம்பேறி எழுவினா இப்படி இருக்கும்: ‘வாதிக்கு நிரந்தர உறுத்துக்கட்டளை கிடைக்கத்தக்கதா? வேறு என்ன பரிகாரம்?’ இதை வைத்துக்கொண்டு யாரும் சாட்சியைப் பிரிக்க முடியாது. வனைய வேண்டியது இவ்வாறு: வழக்குத் தேதியில் வாதி வழக்குச் சொத்தின் சுவாதீனத்தில் இருந்தாரா? எதிர்வாதி 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி சாகுபடி குத்தகைதாரரா, ஆமெனில் இந்நீதிமன்றத்துக்கு விசாரணை அதிகாரம் உண்டா? வாதியின் உரிமை மூலம் ஐயத்துக்கு உள்ளாகியிருக்க, விளம்புகைப் பரிகாரம் (உரிமை தனக்கே என்ற நீதிமன்ற அறிவிப்பு) கோராத வழக்கு நிலைக்கத்தக்கதா? கடைசியில்தான் பரிகாரம். மூன்றாவது எழுவினாவுக்கு அடிப்படை, 2008இல் உச்ச நீதிமன்றம் அனதுலா சுதாகர் வழக்கில் சொன்னது: உரிமை மூலத்தில் ஐயமில்லாமல் சுவாதீனத்துக்கு மட்டும் இடையூறு என்றால் வெறும் உறுத்துக்கட்டளை போதும், உரிமை மூலத்தில் கருமேகம் சூழ்ந்தால் விளம்புகையும் வேண்டும், சுவாதீனமே இல்லை என்றால் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தாயாரின் பாகம் என்ற வாதத்தை எழுவினாவாக்குவதற்குமுன் தேதி பாருங்கள். தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுப் பங்குரிமை தந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல். மத்தியத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல். 2020இல் வினீதா சர்மா வழக்கு பிந்தையதைத் தெளிவாக்கியது. 1994 கிரயம் இவற்றுக்கு நடுவில் விழுகிறது. தேர்வாளர்களுக்கு இப்படிப்பட்ட தேதிகள் மிகவும் பிடிக்கும்.

தேர்வு

தேர்வாணையத்தின் 2023 அறிவிக்கையில் 245 இடங்கள் இருந்தன. முதல்நிலைத் தேர்வு கொள்குறி வகை. முதன்மைத் தேர்வில் தலா 100 மதிப்பெண்ணுக்கு நான்கு தாள்கள்: மொழிபெயர்ப்பு, சட்டத்தாள் ஒன்று, எழுவினாவும் உரிமையியல் தீர்ப்பும், குற்றச்சாட்டு வனைதலும் குற்றவியல் தீர்ப்பும். நேர்முகத்துக்கு 60.

மொழிபெயர்ப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பத்திர நடை தெரியாதவர் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்ற வரியில் பத்து நிமிடம் செலவழிப்பார். வாக்குமூல நடையில் வேறொரு பொறி உண்டு. ‘நான் அந்த நிலத்தைச் சாகுபடி செய்யவில்லை என்று சொன்னால் சரியல்ல’ என்பது சாட்சி மறுத்த கருத்துரை. இதைப் பெயர்க்கும்போது ‘சாகுபடி செய்யவில்லை’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் சாட்சி ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நாளுக்கு ஒரு பக்கம், ஒரு நாள் தமிழிலிருந்து, மறுநாள் தமிழுக்கு என்று எழுதுங்கள்.

தீர்ப்புத் தாளில் நேரமே எதிரி. கணினியில் தட்டிப் பழகிய கை மூன்று மணி நேரம் எழுத மறுக்கும். கடைசி நான்கு மாதம் பேனாவால் மட்டும் எழுதுங்கள். ஒரு தீர்ப்புக்கு 80 நிமிடம் என்று வைத்தால், படித்துத் தேதிவாரி வரிசை போட 15, எழுவினாவுக்கு 10, இரு தரப்பு வாதச் சுருக்கத்துக்கு 15, மீதி முழுவதும் ஆய்வுக்கு. பெரும்பாலோர் வழக்குரையையும் எதிருரையையும் நான்கு பக்கம் திருப்பி எழுதிவிட்டு, ஆய்வுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறார்கள். மதிப்பெண் ஆய்வில்தான் இருக்கிறது. ஒவ்வொரு எழுவினாவுக்கும் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்று முதல் வரியில் சொல்லுங்கள். பிறகு ஆவணத்தை வா.சா.ஆ.1 (வாதி தரப்புச் சான்றாவணம் 1) என்று எண்ணோடு குறிப்பிட்டு, வா.சா.1 (வாதி தரப்புச் சாட்சி 1) குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டதை எடுத்துக்காட்டி, முடிவைச் சொல்லுங்கள். எல்லா எழுவினாக்களையும் ஒன்றாகக் கட்டி ‘சேர்த்து ஆராயப்படுகிறது’ என்று எழுதுவது, அவை உண்மையிலேயே பின்னிக்கிடந்தால் மட்டும். கடைசியில் செலவுத்தொகை பற்றி ஒரு வரியும், சாட்சிகள், சான்றாவணங்கள் பட்டியலும் விடுபடக் கூடாது. தீர்ப்பில் உங்கள் சொந்தப் பெயரை எழுதிவிடாதீர்கள்.

குற்றவியலில் 2024 ஜூலை 1 முதல் தண்டனை, நடைமுறை, சாட்சியம் மூன்றுக்கும் புதிய சட்டங்கள். அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் கேள்வியில் குற்றத் தேதியை முதலில் வட்டமிடுங்கள்.

நாற்காலியில்

பணிக்கு வந்தவர்களுக்குத் தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிலகத்தில் பயிற்சி; சென்னையில் தலைமை, கோவையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள். 2025 தீர்ப்பின்படி குறைந்தது ஓராண்டுப் பயிற்சி முடியாமல் வழக்கு விசாரிக்க முடியாது. பொதுவாகச் சொந்த ஊர்ப் பக்கம் போடமாட்டார்கள். தஞ்சாவூர்க்காரர் கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசன வழக்கையும், கொங்குக்காரர் இங்கே கடைமடைத் தண்ணீர் வழக்கையும் பார்க்க வேண்டிவரும்.

வெளியூரிலிருந்து டெல்டாவுக்கு வருபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உறுத்துக்கட்டளை மனுக்கள் பயிர்க் காலத்தோடு வரும். குறுவை, சம்பா நடவின்போது ‘நிலத்தில் இறங்க விடவில்லை’, அறுவடையின்போது ‘அறுத்துக்கொண்டு போகிறார்கள்’. அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு ஒருதலைப்பட்ச ஆணை கேட்டால், நட்டவர் யார் என்பதற்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள்: விதை, உர ரசீது, கூட்டுறவுப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீட்டுச் சீட்டு. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு இல்லாமல் ஆணை கொடுத்தால் காரணத்தை எழுத வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39 விதி 3-ஏ படி 30 நாளில் அந்த மனுவை முடிக்க முயல வேண்டும், முடியாவிட்டால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். ஆணையரை அனுப்பினால் வரப்பு, மடை, மோட்டார் கொட்டகை, நிற்கும் பயிரின் வயது எல்லாம் குறிக்கச் சொல்லுங்கள். சுவாதீனம் யாரிடம் என்று கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். அது உங்கள் வேலை.

சிறு ஊர்களில் முன்சீப்பும் நடுவரும் ஒருவரே. முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு) ஆள் கொண்டுவருவார்கள். தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போடுவதுதான் இந்தப் பதவியில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. கைது நேரத்திலிருந்து 24 மணி ஆகவில்லையா, கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா, உறவினருக்குச் சொன்னார்களா, மருத்துவச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். காவலரைத் தள்ளி நிற்கச் சொல்லி ‘அடித்தார்களா?’ என்று கேளுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றமானால், 2014 அர்னேஷ் குமார் தீர்ப்புப்படி கைது ஏன் தேவைப்பட்டது என்று காவல்துறை சொல்ல வேண்டும்.

கொள்ளிடக் கரையோர நீதிமன்றங்களில் மணல் வழக்கு ஓயாது. இதே 2014இல் சஞ்சய் வழக்கில், மணல் திருட்டுக்குத் தண்டனைச் சட்டப்படியும் வழக்கு நடக்கலாம், ஆனால் கனிமச் சட்டக் குற்றத்துக்கு அதிகாரம் பெற்ற அலுவலரின் புகார் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. குற்றப்பத்திரிகையில் இரண்டையும் கலந்து போட்டு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

உயர் நீதிமன்ற மேல்முறையீடு எங்கே போகும் என்பதிலும் டெல்டா இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்கள் 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளையின்கீழ். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னையின்கீழ். கும்பகோணத்துக் கட்டு மதுரைக்கும், பக்கத்து நன்னிலத்துக் கட்டு சென்னைக்கும் போகும்.

ஊரில் வாழ்வதற்குச் சில சின்ன ஒழுங்குகள். வீடு பார்க்கும்போது வீட்டுக்காரருக்கு உங்கள் கோர்ட்டில் வழக்கு உண்டா என்று நீதிமன்ற அலுவலகத்தைக் கவனிக்கும் சிரஸ்தாரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். திருவிழாவில் பரிவட்டம் கட்ட வருவார்கள்; அந்தக் கோயிலின் குத்தகை வழக்கு அடுத்த வாரப் பட்டியலில் இருக்கலாம். வரிசையில் நின்று சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

சம்பளத்தைப் பற்றி: இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழுவின் படி இளநிலை உரிமையியல் நீதிபதிக்கு அடிப்படை 77,840இல் தொடங்கி 1,36,520 வரை, முதுநிலைக்கு 1,11,000 முதல், மாவட்ட நீதிபதிக்கு 1,44,840 முதல். முன்சீப்பிலிருந்து சார்பு நீதிபதி, பிறகு மாவட்ட நீதிபதி. மாவட்ட நீதிபதி இடங்களில் பாதி பணிமூப்பும் தகுதியும் பார்த்து, கால் பங்கு துறைப் போட்டித் தேர்வில், மீதிக் கால் பங்கு நேரடி நியமனம். நேரடி நியமனத்துக்கு வழக்கறிஞர் தொழிலும் நீதித்துறைப் பணியும் சேர்த்து ஏழு ஆண்டு இருந்தால் பணியில் இருப்பவரும் போட்டியிடலாம் என்று 2025 அக்டோபர் 9 அன்று அரசியலமைப்பு அமர்வு சொன்னது. குறைந்தபட்ச வயது 35. பழைய தஞ்சை ஜில்லாவில் 1832இல் பிறந்த முத்துசாமி ஐயர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அவர் காலத்தில் இத்தனை தேர்வு இல்லை.

வாதம் முடிந்த வழக்கில் 30 நாளுக்குள் தீர்ப்பு, மிஞ்சினால் 60 என்பது கட்டளை 20 விதி 1. இடமாற்ற உத்தரவு வருவதற்குமுன் தீர்ப்புக்கு ஒதுக்கிவைத்த கட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். எழுதி முடித்துப் பகராமல் (திறந்த நீதிமன்றத்தில் சொல்லாமல்) போனால், விதி 2 படி அடுத்து வருபவர் அதைப் பகர வேண்டும். எழுதாமல் போனால் அவர் வாதத்தை மறுபடி கேட்க வேண்டும், வாதியும் எதிர்வாதியும் வேதாரண்யத்திலிருந்து மறுபடி பஸ் ஏற வேண்டும்.